மாட்டுக் கொழுப்பு உருக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறுநாள் கொழுப்புக்கு மரியாதை கிடையாது. குர்பான் என்று பலி கொடுத்த பிராணியின் இறைச்சியைப் பங்கு பிரித்து, கொடுக்க வேண்டிய வீடுகளுக்குக் கொடுத்து முடித்த பிறகு மிஞ்சும் கொழுப்பை யாரும் கேட்டு வருவதில்லை. காகமும் நாயும் இழுத்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் வளவில் குழி தோண்டிப் புதைப்பார்கள். என் மூத்தம்மா (பாட்டி) காலத்தில் இப்படி இல்லை. அவர் அதை உருக்கி மண்சட்டியில் ஊற்றி வைத்து வருடம் முழுக்க எதற்காவது எடுத்துக்கொண்டே இருப்பார். அவர் மௌத்தாகிப் பல வருடம் ஆகிவிட்டது. உம்மாவுக்கு அந்த வாடையே ஆகாது. ஆகவே எனக்குத் தேவை வந்தபோது கேட்க ஆளில்லை. தனியாக இறங்கி, கையைச் சுட்டுக்கொண்டு, காசையும் விட்டுத்தான் பழகினேன். இந்தப் பெருநாளைக்கு யாராவது சட்டியைத் தூக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் இதை வாசித்துவிடுங்கள்.

நான் இருப்பது இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருது. நான் சொல்வது 2022ஆம் ஆண்டுக் கதை. அந்த வருடத்தை யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கேஸ் சிலிண்டர் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, தினமும் மின்வெட்டு. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பதையே நிறுத்திவிட்டார்கள். கணவர் கட்டாரில். நான் வீட்டில் தையல் மெஷின் வைத்து உழைக்கிறவள். தேங்காய் எண்ணெயும் சவர்க்காரமும் (சோப்பு) ஏறிய விலையைப் பார்த்தபோது கொழுப்பைப் புதைக்க மனம் வரவில்லை. "உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்குத் தாருங்கள்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்தேன். ஜூலை 10 பெருநாள். பின்னேரத்துக்குள் எட்டுக் கிலோவுக்கு மேல் வந்து சேர்ந்துவிட்டது.

வந்த கொழுப்பு எல்லாம் ஒரே சாதி இல்லை என்பது பையைக் கொட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தை, சுற்றி இருக்கும் கொழுப்புத்தான் முதல் தரம். வெள்ளையாக, இறுக்கமாக, கையால் பிட்டால் உதிரும். அதில் இறைச்சித் துணுக்கும் நரம்பும் குறைவு, உருக்கினால் வாடையும் குறைவு. குடலைச் சுற்றிய வலைபோன்ற கொழுப்பு இரண்டாம் தரம், வாடை கொஞ்சம் தூக்கும். தோலோடும் இறைச்சியோடும் ஒட்டியிருப்பதில் சவ்வுதான் அதிகம், உருக்கிக் கிடைப்பது குறைவு. இவற்றைப் பிரித்துத் தனித்தனியே உருக்க வேண்டும். நல்லது சமையலுக்கு, மற்றது சவர்க்காரத்துக்கும் கத்தியில் துருப் பிடிக்காமல் பூசவும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் நல்லதும் கெட்டதன் வாடைக்குப் போய்விடும். இன்னொன்று, புல் மேய்ந்த நாட்டு மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். புல்லில் உள்ள நிறம் அது, பழுதாகிவிட்டது என்று எறிய வேண்டாம். எருமைக் கொழுப்பு எவ்வளவு மேய்ந்தாலும் வெள்ளைதான்.

இரத்தம் பட்ட இடத்தையும் இறைச்சித் துணுக்கையும் வெட்டி எறிந்துவிட வேண்டும். அவைதான் முதலில் கருகி முழுச் சட்டியையும் நாற வைப்பவை. கழுவினால் வடிகட்டியில் போட்டு நன்றாக நீர் வடியவிட்டு, பழைய சீலையால் ஒற்றி எடுங்கள். சூட்டில் கொழுப்பு கையில் வழுக்கும், கத்தி பிடிக்காது. கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்து விறைத்த பிறகு வெட்டினால் சிறு சிறு துண்டாக வரும். துண்டு எவ்வளவு சிறிதோ அவ்வளவு சீக்கிரம் உருகும், விறகும் மிச்சம்.

கொழுப்பு உருக்குவது என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்தால், அது கொழுப்புக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே அனுப்பும் வேலைதான். எனக்கு வந்த தொல்லைகள் அநேகமாக எல்லாமே ஏதோ ஒரு வழியில் தண்ணீரால் வந்தவை. வேலை செய்யும்போது இதை மட்டும் மனதில் வைத்திருங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பெருநாளுக்கு மறுநாள், குசினிக்கு வெளியே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். கனமான அலுமினியச் சட்டி. அடி பிடிக்காமல் இருக்க முதலில் ஒரு தேநீர்க் கோப்பை தண்ணீர் விட்டு, அதன்மேல் கொழுப்பைப் போட்டு மெல்லிய நெருப்பில் கிளறினேன். இது சரியான முறைதான், இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையை ஒட்டியே நிற்கும், கொழுப்பு கருகாது. தண்ணீர் வற்றும்போது சடசடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்கி, குமிழி சிறுத்து, துண்டுகள் பொன்னிறமாகிவிட்டால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு சூடு ஏறும் வேகத்தை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அதுவரை பொறுமையாக இருந்த சட்டி சில நிமிடங்களில் ஆளே மாறிவிடும். புகை கிளம்பினால் எல்லை தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சட்டி நன்றாகத்தான் வந்தது. இரண்டாவதில் பாதி உருகியிருந்த நேரம், ஃப்ரீசரில் இருந்து எடுத்த மிச்சத் துண்டுகளைப் போட்டேன். அவற்றில் ஐஸ் ஒட்டியிருந்தது. உடனே பால் பொங்குவதுபோல நுரை எழும்பியது. அதே நேரத்தில் கச்சான் காற்றும் ஒரு அடி அடித்தது. ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் கரையில் அந்தக் காற்று எப்படி வீசும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும், சூடாக, மண்ணை வாரிக்கொண்டு வரும். அடுப்பு நெருப்பு சட்டியின் பக்கவாட்டில் ஏறியது, வழிந்த நெய் (உருகிய கொழுப்பை நாங்கள் நெய் என்போம்) பற்றிக்கொண்டது, பிறகு சட்டிக்குள்ளேயே எரிய ஆரம்பித்தது. என் மகன், அப்போது சின்னவன், கிணற்றடியில் இருந்து வாளியோடு ஓடி வந்தான். "ஊத்தாத வாப்பா!" என்று நான் கத்திய கத்தலில் அவன் வாளியைக் கீழே போட்டுவிட்டு அழுதான். எங்கோ எப்போதோ கேட்டது அந்த நேரத்தில் நினைவு வந்தது அல்லாஹ்வின் அருள்தான். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகும். ஆவியாகும்போது ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கு மேல் விரியும், எரியும் எண்ணெயையும் தூக்கிக்கொண்டு வெடிக்கும். அவன் ஊற்றியிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம்.

பெருநாள் சாப்பாட்டுக்கு எடுத்த சஹன் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு) திண்ணையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதைத் தூக்கிச் சட்டியை மூடினேன். காற்றுப் போகாமல் நெருப்பு அணைந்தது. விறகைக் காலால் தள்ளிப் பிரித்தேன். மூடியை உடனே திறந்து பார்க்கக் கூடாது. சூடு ஆறாமல் திறந்தால் காற்றுப் பட்டுத் திரும்பவும் பற்றும். இப்போது அடுப்பு மூட்டும் முன்பே சட்டி வாயை விடப் பெரிய தட்டு ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுவேன். சட்டியைப் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. காற்றுள்ள நாளில் வெளியே மூட்டுவதே இல்லை. பிள்ளைகளையும் கிட்டே விடுவதில்லை.

மூடும்போது வலது முன்கையில் நெய் தெறித்திருந்தது. பக்கத்து வீட்டு மைனி பற்பசையோடு வந்தார், இன்னொருவர் முட்டை வெள்ளைக் கரு என்றார். அன்பில் சொல்வதுதான், ஆனால் இரண்டுமே வேண்டாம். சுட்ட இடத்தில் சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. மோதிரம், வளையலை வீங்கும் முன் கழற்ற வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை. போக வரத்தான் கஷ்டம். பெட்ரோல் இல்லாத நேரத்தில் ஓட்டோக்காரர் கேட்டதைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய நட்டம் தையலில். ஒரு கலியாண வீட்டு உடுப்புகளை மறுத்துத் திருப்பிக் கொடுத்தேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்த நாளில் கை எரிந்ததைவிட நெஞ்சு எரிந்தது என்று சொல்வது மிகையில்லை. கணவருக்கு நான் இதைச் சொன்னது வெகு நாள் கழித்துத்தான்.

சரி, அந்தச் சட்டிக் கொழுப்பு என்னவானது? கருகிப் பழுப்பாகி நாறியது. எறியத்தான் இருந்தேன். பிறகு கை ஆறியதும், அதைச் சட்டியில் போட்டு அதே அளவு தண்ணீரும் ஒரு பிடி உப்பும் சேர்த்து மெதுவாக உருக்கி, கொதிக்கவிட்டு, இரவு முழுக்க அப்படியே ஆறவிட்டேன். காலையில் கொழுப்பு மேலே தட்டையாக உறைந்து நின்றது, அழுக்கெல்லாம் கீழே தண்ணீரில். கட்டியைத் தூக்கி அடியில் ஒட்டியிருந்த கசடைக் கத்தியால் சுரண்டி எடுத்தால் வேலை முடிந்தது. தண்ணீரின் நிறம் தெளியும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். கருகிய வாடை முழுதாகப் போகாது, ஆனால் சவர்க்காரத்துக்கு ஏற்ற அளவுக்கு வெளுக்கும். ஒன்று கவனம்: இப்படிக் கழுவிய கொழுப்பில் ஈரம் இருக்கும். கடைசியில் தண்ணீர் இல்லாமல் மெல்லிய சூட்டில் சடசடப்பு நிற்கும்வரை உருக்கித்தான் போத்தலில் ஊற்ற வேண்டும். நான் ஒரு பெரிய போத்தலை அப்படிச் செய்யாமல் மூடி வைத்தேன். அடியில் தேங்கிய தண்ணீரில் பூஞ்சணம் பிடித்து முழுவதும் போய்விட்டது. போத்தலும் காய்ந்திருக்க வேண்டும், எடுக்கும் கரண்டியும் காய்ந்திருக்க வேண்டும். வெளிச்சம் படாத இடத்தில் இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும், குளிர்சாதனப் பெட்டியில் இன்னும் கூட. மூக்கில் வைத்தால் பழைய பெயின்ட் வாடை வந்தால் காறல் பிடித்துவிட்டது, சாப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது.

கழுவிய தண்ணீரைச் சூடாக பேசினில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் போய் உறைந்துவிடும். எங்கள் வீட்டில் குழாயைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்த ஆள் பிடித்துக் காசு கொடுத்தேன். ஆறவிட்டு, கொழுப்பை அள்ளியெடுத்து, மிச்சத்தைத் தென்னைக்குத் தூர மண்ணில் ஊற்றுங்கள்.

வடித்த பிறகு மிஞ்சும் முறுகிய துண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உப்பு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி. அவ்வளவுதான். பிள்ளைகள் சோற்றை விட்டுவிட்டு இதைத் தின்றார்கள். நெய்யில் ரொட்டி சுட்டால், கிழங்கு பொரித்தால் தனி ருசி. ஆனால் சுடச்சுடச் சாப்பிட வேண்டும், மாட்டு நெய்யும் ஆட்டு நெய்யும் ஆறினால் மேல்வாயில் ஒட்டிப் பிடிக்கும். இதில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. கொலஸ்ட்ரோலுக்கு மருந்து எடுக்கிறவர்கள் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் இதில் சமைப்பதில்லை. மலிவாகக் கிடைத்தது என்பதற்காகத் தினமும் தின்னும் பொருள் இல்லை இது.

மின்வெட்டு இரவுகளில் விளக்குக்கும் போட்டுப் பார்த்தேன். குப்பி விளக்கில் சரிவராது. மண்ணெண்ணெய்போல இது திரியில் ஏறாது, எங்கள் ஊர்ச் சூட்டிலும் இது கட்டிதான். சின்ன மண் சிட்டியில் ஊற்றி, திரியின் நுனி கொழுப்பின் மட்டத்தை ஒட்டி இருக்கும்படி வைத்தால் சுடரின் சூட்டில் சுற்றிலும் உருகி எரியும். வெளிச்சம் போதும், புகையும் வாடையும் அதிகம். அணைத்துவிட்டுப் படுத்தால் இரவில் எலி வந்து திரியோடு தின்றுவிடும். மெழுகுதிரியாக வார்ப்பது நேர விரயம், வெயிலில் வளைந்துவிடுகிறது. எனக்கு உண்மையில் பயன்பட்டது இரும்புக்குத்தான். பெரும்போக அறுவடை முடிந்து கத்தி, மண்வெட்டி, தாக்கத்தி எல்லாவற்றையும் மூலையில் போடும் முன் துடைத்துக் காயவைத்து மெல்லியதாகப் பூசினால் துரு பிடிக்காது. இரும்புத் தாச்சிக்கும் அப்படியே, சூடாக்கிப் பூசித் துடைத்து வைக்க வேண்டும். மண்வெட்டிப் பிடி வெடிக்காமல் இருக்கவும் மூத்தம்மா வீட்டில் இதைத்தான் தேய்ப்பார்கள். பித்தவெடிப்புக்கு இரவில் குதிகாலில் பூசிப் பழைய மேஸ் (காலுறை) போட்டுப் படுத்தால் மெதுமெதுவென்று ஆகும். மூட்டு வலிக்கு வெங்கணாந்தி (மலைப்பாம்பு) நெய், மயில் நெய் என்று போத்தலில் கொண்டுவந்து விற்பவர்களிடம் மட்டும் வாங்காதீர்கள். அந்தப் பிராணிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. போத்தலுக்குள் இருப்பது பெரும்பாலும் வேறு ஏதோ எண்ணெய் என்பது என் அபிப்பிராயம்.

சவர்க்காரத்தில்தான் நான் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் விட்டேன். ஒரு ஹாட்வெயார் கடையில் கோஸ்டிக் சோடாவைச் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தந்தார்கள். பிசுபிசுவென்று கட்டி கட்டியாக இருந்தது. "இது இப்படித்தான் வரும்" என்றார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாமான். திறந்து கிடந்தால் வீரியமும் போய்விடும். வேண்டிய அளவை நிறுத்தாலும் அதில் கணிசமான பங்கு வெறும் தண்ணீர். நான் வார்த்தது வாரக்கணக்கில் இறுகாமல், தொட்டால் கையில் நெய் ஒட்டும் களியாகவே கிடந்தது. அந்த விலையில் வாங்கிய தேங்காய் எண்ணெயும் அதோடு போனது. கேட்கப் போனபோது கடையில் திருப்பி எடுக்கவில்லை. வாங்கும்போது குலுக்கிப் பாருங்கள், கலகலவென்று மணி மணியாக ஓட வேண்டும், காற்றுப் புகாத டப்பாவில் இருக்க வேண்டும்.

இப்போது நான் போடும் அளவு: உருக்கி வடித்த மாட்டுக் கொழுப்பு 700 கிராம், தேங்காய் எண்ணெய் 300 கிராம், கோஸ்டிக் சோடா 145 கிராம், தண்ணீர் 330 கிராம். எல்லாவற்றையும் தராசில் நிறுக்க வேண்டும், கோப்பைக் கணக்கு ஆகாது. கொழுப்பு மட்டும் போட்டால் கட்டி நன்றாக வரும், நுரை வராது, அதற்குத்தான் தேங்காய் எண்ணெய். எண்ணெய் விகிதத்தை மாற்றினால் சோடாவின் அளவும் மாறும் என்பதை மறக்காதீர்கள். சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். வெளியே, காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். அலுமினியம் வேண்டவே வேண்டாம், சோடா அதைத் தின்று எரியும் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது தடித்த பிளாஸ்டிக் பாத்திரம்தான். கரைசல் தானாகக் கொதிநிலைக்குக் கிட்டச் சூடாகும். அது தாங்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகு உருகிய கொழுப்பில் மெதுவாக ஊற்றி, கஞ்சிப் பதம் வரும்வரை கிண்டி அச்சில் வார்க்க வேண்டும். மறுநாள் வெட்டி, நிழலில் காற்றுப் படும்படி நான்கு முதல் ஆறு வாரம் காயவிட வேண்டும். அவசரப்பட்டுக் குளித்தால் தோல் எரியும். தோலில் சோடா பட்டால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நல்ல சவர்க்காரம் வந்த பிறகு அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். குர்பான் பிராணியின் எதையும் விற்றுக் காசாக்கக் கூடாது என்பது எங்கள் பள்ளிவாசலில் சொல்லித் தந்தது. அதனால் அந்தக் கட்டிகளைச் சும்மாதான் கொடுத்தேன். விற்பதென்றால் கடையில் வாங்கிய கொழுப்பில்தான் செய்கிறேன். கல்முனைப் பக்கமிருந்து என்னிடம் தைக்க வரும் தமிழ்ப் பெண்களிடம், இது மாட்டுக் கொழுப்பில் செய்தது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலர் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்பார்கள். ஓர் அக்கா மட்டும், "கடைச் சவுக்காரத்தில மட்டும் என்ன இருக்குதாம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். உறையில் சோடியம் டலோவேட் என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பு, சோடியம் பாமேட் என்றால் பாம் எண்ணெய். அந்த அக்காவுக்காகத் தனித் தேங்காய் எண்ணெயிலும் கொஞ்சம் போட்டுக் கொடுத்தேன்.

பெருநாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. மாட்டிறைச்சிக் கடையில் குண்டிக்காய்க் கொழுப்பு வேண்டும் என்று முந்தின நாளே சொல்லி வைத்தால் காலையில் எடுத்து வைப்பார்கள், வெயில் ஏறும் முன் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் இறைச்சிக் கடை இல்லை. கோழிக் கொழுப்பைத் தந்தால் வாங்காதீர்கள், எங்கள் வெப்பத்தில் அது உறையவே உறையாது. இரும்புக்கு ஆகாது, சவர்க்காரமும் மெதுமையாகத்தான் வரும், நெய்ச்சோறு தாளிக்க வேண்டுமானால் எடுக்கலாம்.